பத்தத் தெரிந்த மாப்பிள்ளை

இதில் வரும் ஒவ்வொரு சொல்லும் உண்மை. கற்பூரத்தை அணைத்துச் சத்தியம் செய்ய வேண்டிய விஷயம்தான். மெயின்லேண்ட் கப்பல் தாமதமானதால் கடையில் கற்பூரம் இல்லை. ஆகவே கொசுவத்தியை அணைத்துச் சத்தியம்.

நல்லதம்பி எங்கள் தீவில் டூரிஸ்ட் கைடு. மஞ்சள் கொடியைத் தூக்கிப் பிடித்து முன்னால் நடப்பான், மெயின்லேண்டுக்காரர்கள் பின்னால் வருவார்கள். பன்னிரண்டு வருடமாக இதுதான் தொழில். அப்பேர்ப்பட்டவன் பெரார்கஞ்சில் ஜெயராணியைப் பெண் கேட்கப் போன இடத்தில் வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டான்.

ஜெயராணியின் அப்பா பழனியாண்டி சிலோன் தேயிலைத் தோட்டத்தில் பிறந்து, கட்சால் தீவில் ரப்பர் பால் வெட்டி, சுனாமிக்குப் பிறகு பெரார்கஞ்ச் வயலோரத்தில் வாத்து வளர்க்க வந்தவர். சம்பளம், ஜாதகம் எதையும் அவர் கேட்கவில்லை. மாப்பிள்ளைக்கு வாத்து பத்தத் தெரியுமா என்று மட்டும் கேட்டார்.

பத்துவது என்றால் என்னவென்றே நல்லதம்பிக்குத் தெரியாது. அவன் சென்னைக் குடும்பம். ஆனால் கதவுக்குப் பின்னால் ஜெயராணி நின்றிருந்தாள்.

"அதுதானே மாமா என் தொழிலே" என்றான்.

அப்படியானால் சரி என்றார் பழனியாண்டி. செவ்வாய்க்கிழமை அக்கரையில் சாத்தத்தில் தன் தங்கை பேச்சியம்மாவிடம் அறுபது வாத்து ஒப்படைக்க வேண்டும். பாம்பூ ஃபிளாட்டில் ஃபெர்ரி ஏற்றி, சாத்தத்தில் இறக்கி, அறுபதையும் சேர்த்தால் பெண் உண்டு. ஒன்று குறைந்தாலும் வேறு இடம் பார்த்துக்கொள்ளலாம்.

அதே செவ்வாயன்று, அதே ஃபெர்ரியில், மலை பார்த்துவிட்டுத் திரும்பும் இருபது டூரிஸ்டுகளும் அவன் பொறுப்பு. அவர்கள் முதலிலேயே ஏறி முறுக்கு தின்றுகொண்டிருந்தார்கள். பழனியாண்டி நீளக் கழியை நல்லதம்பி கையில் கொடுத்துவிட்டு, மேல்தட்டில் ஜெயராணியோடு பார்வைக்கு வாகாக உட்கார்ந்துகொண்டார்.

நல்லதம்பி தெரிந்ததைச் செய்தான். கொடியைத் தூக்கினான், வாத்துகளுக்கு முன்னால் நடந்தான், "சலியே, சலியே" என்று இந்தியில் வரச்சொல்லிக் கூப்பிட்டான். அறுபதும் நின்று வேடிக்கை பார்த்தன. ஃபெர்ரிக்காரன் ஹாரன் அடித்தான். பயத்தில் நல்லதம்பியின் வாய் தானாகத் தொழில் பாட்டை எடுத்துவிட்டது: இடது பக்கம், தண்ணீருக்கு அந்தப் பக்கம் நீங்கள் பார்ப்பது சாத்தம் மரம் அறுக்கிற மில், நூறு வருடத்துக்கு மேல் பழசு.

அறுபது தலையும் இடது பக்கம் திரும்பின. ஒரு வாத்து பக்கத்து வாத்திடம் ஏதோ சந்தேகம் கேட்டுத் தெளிந்தது. பிறகு இரண்டிரண்டாக வரிசை கட்டிக் கொடிக்குப் பின்னால் ஏறின. நடுவழியில் ஜப்பான்காரன் போட்ட குண்டைப் பற்றி அவன் சொன்னபோது முன்வரிசையில் ஒன்றுக்குக் கண் கலங்கிவிட்டது.

சாத்தத்தில் வாத்துகள் ஒழுங்காக இறங்கின. டூரிஸ்டுகள்தான் இறங்கவில்லை, செல்ஃபி எடுத்துக்கொண்டிருந்தார்கள். கொடியை ஆட்டினான், அது வாத்துகளுக்கானது என்று இருந்துவிட்டார்கள். வேறு வழியில்லாமல் கொடியை ஜெட்டிக் கம்பத்தில் செருகி, வாத்துகளை அங்கேயே நிற்கச் சொல்லிவிட்டு, கழியோடு ஃபெர்ரிக்குள் போனான். யாரையும் தொடவில்லை. எல்லோருக்கும் பின்னால் போய் நின்று, கழியைத் தரையோடு வீசி, நாக்கை மடக்கி ஒரு சத்தம் கொடுத்தான். இறங்கலாமா என்றார் ஒரு அம்மா. நானும் அதைத்தான் நினைத்தேன் என்றார் அவர் வீட்டுக்காரர். இருபது பேரும் சொந்த யோசனையில் இறங்கினார்கள்.

பழனியாண்டி எழுந்தே நின்றுவிட்டார். "ஓட்டுனா மெரளும், இழுத்தா மொரண்டு பண்ணும். பின்னால நின்னா, தானாப் போறதா அதுக்கே ஒரு நெனப்பு வரும் பாருங்க, அதான் பத்துறது" என்று பக்கத்தில் நின்ற பெங்காலிக்காரருக்குத் தமிழிலேயே விளக்கினார். அவர் தலையாட்டிவிட்டு, தன் ஸ்கூட்டரை ஃபெர்ரியிலேயே விட்டுவிட்டு, தானாக இறங்கிப் போனார்.

ஜெட்டியில் பேச்சியம்மா கழியைத் தாழப் பிடித்து, ஒவ்வொன்றாகத் தாண்டவிட்டு எண்ணினாள். ஐம்பத்தொன்பது வாத்து தாண்டியது. அறுபதாவதாகத் தாண்டியவர் ஈரோட்டிலிருந்து வந்திருந்த ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். வரிசை அடக்கமாக இருந்ததால் இதில் நின்றுகொண்டாராம். நல்லதம்பி ஊருக்குள் போகும் பாலத்துப் பக்கம் பார்த்தான். இருபது தலை சரியாக இருக்கிறது என்று டிரைவர் டூரிஸ்ட் பஸ்ஸை எடுத்துவிட்டிருந்தான். ஜன்னலோர சீட்டில் வாத்து. வாத்து ஒன்று குறைந்தது, இனி ஜெயராணியும் இல்லை என்று நினைத்தான்.

"பேச்சி, இவர் வாத்து இல்லையே" என்றார் பழனியாண்டி.

பேச்சியம்மாவுக்குப் பின்னால் ஜெயராணி நின்றிருந்தாள். தொடவில்லை, ஒன்றும் சொல்லவில்லை. சும்மா நின்றாள்.

"மூஞ்சியைப் பாத்தா அப்பிடித்தான் தெரியும்ணே. நான் நடையைத்தான் எண்ணுறேன். அறுபது."

தலைமையாசிரியரும் மறுக்கவில்லை.

ஜெயராணி நகர்ந்து அப்பாவுக்குப் பின்னால் போய் நின்றாள். கல்யாணத்தைத் தையிலேயே வைத்துக்கொள்ளலாம் என்று பழனியாண்டிக்குத் தோன்றியது. பிறகு அவள் நல்லதம்பிக்குப் பின்னால் வந்தாள். கல்யாணத்துக்கப்புறம் பெரார்கஞ்சிலேயே இருந்து வாத்துகளைப் பார்த்துக்கொள்வதாக அவன் அறிவித்தான். எப்படி இவ்வளவு நல்ல யோசனை நமக்கு வந்தது என்று அவனுக்கே ஆச்சரியம்.

பழனியாண்டிக்கு நான்கு குழந்தைகள். நான்கும் ஆண். கொசுவத்திச் சத்தியம் அவ்வளவுதான் தாங்கும்.