ஓட்டையில்லாத பாட்டில்

நெல்லித்தோப்பில் அவர்கள் வீடு மூன்றாவது மாடியில். வெயில் சரியாக வராது, தொட்டி வைக்கவும் இடமில்லை. அரியாங்குப்பத்திலிருந்து வாழ வந்த தீபலட்சுமிக்குச் செடி இல்லாமல் கை பரபரத்தது. பெரிய கண்ணாடி மிட்டாய் பாட்டிலில் மண்ணைக் கொட்டிப் பெரணிச் செடி ஒன்றை நட்டாள். தினமும் ஆசையாகத் தண்ணீர் ஊற்றினாள். செடி கறுத்துச் சாய்ந்தது.

மாமியார் அமுதவல்லி மூக்கைப் பொத்திக்கொண்டு வந்தார்.

“இன்னா தீபா, சாக்கடையாட்டம் நாறுது?”

“பாட்டில்ல ஓட்டை இல்ல அத்தை. தண்ணி அடியில தேங்கி வேரு அழுவிடுச்சு. இந்த வாட்டி சரியா பண்றேன்.”

“இன்னொரு வாட்டியா?”

ஞாயிற்றுக்கிழமை பாட்டிலைக் கழுவிக் காயவைத்து மறுபடி தொடங்கினாள். மிஞ்சும் தண்ணீர் இறங்கி நிற்க அடியில் கூழாங்கல். மண் கல்லுக்குள் சரியாதபடி மேலே ஒரு வட்ட வலை. நாற்றம் பிடிக்காமலிருக்கக் கரித்துண்டுகள். அதற்குப் பிறகுதான் தேங்காய் நார்த்தூளும் மணலும் கலந்த மண். புதுப் பெரணியை நட்டு, சுற்றிலும் பாசி பதித்து, கொஞ்சமாகத் தண்ணீர் தெளித்து மூடினாள்.

சாயங்காலம் வீடெல்லாம் கொசு. அமுதவல்லி ஜன்னலைப் பார்த்தார். கொசுவலையில் வட்டமாக ஒரு ஓட்டை.

“தீபா.”

“துண்டு வலை எங்கயும் கெடைக்கல அத்தை.” தீபலட்சுமி பாட்டிலைக் கண்ணால் காட்டினாள்.

அமுதவல்லி பாட்டிலிடம் போய்க் குனிந்தார். உள்ளே பனி படர்ந்து, துளித்துளியாக வழிந்துகொண்டிருந்தது. மூக்குக் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார்.

“தெனம் ஊத்தணுமா இதுக்கு?”

“வேணாம். உள்ளயே ஆவியாயி உள்ளயே எறங்கிக்கும்.”

“பரவாயில்லையே.” சிரித்துவிட்டார்.

வேலை முடிந்து வந்த மகன் செல்வகுமார் ஜன்னலைப் பார்த்து, “யாரும்மா இத கிழிச்சது?” என்றான்.

“கேள்வி கேக்காத. கொசு வருதுல்ல, ஒட்டு,” என்றார் அம்மா.

பெரணி பிழைத்துக்கொண்டது. சுருண்டிருந்த இளந்தளிர் ஒன்று விரிந்த அன்று, அமுதவல்லி பக்கத்து வீட்டுக்காரர்களையெல்லாம் கூப்பிட்டுக் காட்டினார். அடுத்த வாரம் மார்க்கெட் போனவர் அகலமான மீன்தொட்டி ஒன்றை இடுப்பில் வைத்துக்கொண்டு மாடியேறி வந்தார்.

“எனக்குச் செவப்பு எலைச் செடி வேணும்,” என்றார் மூச்சு வாங்க.

இருவரும் தரையில் உட்கார்ந்து கல் கழுவ ஆரம்பித்தார்கள்.