பஞ்சின் மேல் போட்ட பழி

எனக்கு மூச்சு இளைப்பு. ராஜபாளையத்தில் ஒரு மில்லில் இருபத்திரண்டு வருடம் பஞ்சைப் பிரித்தடிக்கும் புளோரூமில் நின்றவன் நான். இளைக்காமல் என்ன செய்யும்? எண்பத்தொன்பதில் மானேஜர் கூப்பிட்டுக் கறாராகச் சொன்னார். "இருளப்பசாமி, பஞ்சுத் தூசியால வந்ததுன்னு டாக்டர் எழுதிக் குடுத்தா வாட்ச்மேன் வேலை தாரோம். பரம்பரைன்னா வீட்டுக்குப் போயிரணும்."

போதாததற்கு, என் மகள் வேலுத்தாயைத் தன் மகனுக்குப் பேசியிருந்த மகாராஜபுரத்துச் சிவனாண்டியும் அதே சீட்டைக் கேட்டார். வம்சத்தில் இளைப்பு இருக்கிற வீட்டில் பெண் எடுக்க மாட்டாராம். பெரிய மகாராஜா! என் அப்பா ஒரு நாள்கூட மில்லுக்குள் நுழையாதவர். இளைத்து இளைத்தே செத்தார். அதைப் பற்றி நான் யாரிடமும் மூச்சு விடவில்லை.

ஸ்ரீவில்லிபுத்தூரில் டாக்டர் சத்தியநேசன் மூச்சை அளக்கும் முள் வைத்த ஒரு குழாயைக் கொடுத்து ஊதச் சொன்னார். முள் பாதியைக்கூடத் தொடவில்லை. துணைக்கு வந்த வேலுத்தாயிடம், "நீ ஊதும்மா. நல்ல நுரையீரல் எப்படி ஊதும்னு அப்பா பாக்கட்டும்" என்றார்.

போன ஆடியில் அய்யனார் கோவில் போகும் வழியில் அவள் மூச்சு வாங்கி நாலு இடத்தில் உட்கார்ந்தாள். பார்த்தும் பார்க்காத மாதிரி இருந்துவிட்டேன்.

ஊதினாள். என்னைவிடக் கொஞ்சம்தான் மேலே போனது முள்.

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். "காத்து ரத்தத்துல கலக்கிற இடமே சில குடும்பத்துல பொறப்புலயே பலவீனமா இருக்கும். தூசி பட்டா சீக்கிரம் கெடும், படாட்டியும் கெடும். ஏம்மா, நீ மில்லுக்குப் போறியா?"

உண்மையைச் சொன்னால் வேலையும் போச்சு, கல்யாணமும் போச்சு.

"ஆமா சார்" என்றாள் வேலுத்தாய். "நாலு வருசமா ஸ்பின்னிங்ல நிக்கேன்."

மில் வாசலைக்கூட மிதித்தவளில்லை. டாக்டர் முகம் தெளிந்தது. பஞ்சுத் தூசி என்றே எழுதிக் கையெழுத்துப் போட்டார். எனக்குச் சந்தோஷமாக இருந்தது, வெட்கங்கெட்ட சந்தோஷம்.

சீட்டை என்னிடம் நீட்டிவிட்டு அவளைப் பார்த்துச் சிரித்தார். "உனக்குச் சின்ன வயசு, பயமில்ல. இன்னையோட மில்ல விட்டு நின்னுரு. எல்லாம் சரியாப் போயிரும்."

"சரிங்க சார், நின்னுருதேன்" என்றாள் என் மகள்.