மேல்பாதி கிடேரி, கீழ்பாதி காளை

1982ஆம் வருடம் தை மாதம் முதல், மாடுகளுக்குச் சினை ஊசி போடும் இன்னாசிராஜ் 'லட்சுமி' என்று மெல்லக் கூப்பிட்டால் விந்துக் குச்சிக்குள் இருந்த கிடேரிகள் எல்லாம் மேல்பாதிக்கு ஏறி வந்தன. காளைகள் கீழேயே நின்றுவிட்டன. நைட்ரஜன் கேனிலிருந்து குச்சியை எடுத்து, வெதுவெதுப்பான தண்ணீரில் நனைத்து, நிமிர்த்திப் பிடித்துக் கூப்பிடுவான். பிறகு நடுவில் கத்தரித்து மேல்பாதியை மாட்டுக்குள் செலுத்துவான். ஒன்பது மாதம் கழித்துக் கிடேரி விழும். ஒருமுறைகூடப் பிசகியதில்லை. ஞாயிறு தவறாமல் கோயிலுக்கு வருகிறவன் லட்சுமியைக் கூப்பிடலாமா என்று பங்குத்தந்தை கண்டித்தபோது, "வேற பேருக்கு மசிய மாட்டேங்குதுங்க ஃபாதர்" என்றான். அந்த வருடம் ஃபாதரின் மாடும் கிடேரி போட்டது. பேச்சு அதோடு நின்றது.

கீழ்பாதியை மண்ணில் கொட்டக் கூடாது. ஒருமுறை கொட்டிவிட்டு மூன்று வாரம் தொண்டை வறளக் கூப்பிட்டும் ஒரு கிடேரிகூட அசையவில்லை. ஒரு மணி நேரத்துக்குள் அதுவும் ஒரு மாட்டுக்குள் போயாக வேண்டும். அது யார் மாடு என்று பொம்மிடியைச் சுற்றி ஒருவரும் விசாரிக்கவில்லை. தன் கொட்டகையில் கிடேரி விழுந்தவனுக்கு அடுத்தவன் கொட்டகையைப் பற்றி என்ன கவலை?

இன்னாசிராஜின் அக்கா வேளாங்கண்ணி புருஷனை இழந்தவள். அவளுக்கு இருந்தது செவலை என்ற ஒரே பசு. செவலைக்கு வயதாவதற்குள் ஒரு கிடேரி விழுந்துவிட்டால் பிழைத்துக்கொள்வாள். இல்லாவிட்டால் கல் உடைக்கப் போக வேண்டும். செவலை ஐந்து ஈற்றிலும் காளைக்கன்றே போட்டது. சீமைக் கலப்புக் காளைக்குத் திமில் கிடையாது, கழுத்தில் நுகம் நிற்காது, உழவுக்கு ஆகாது. ஐந்தையும் கேரளாவுக்கு அடிமாடு ஏற்றும் லாரியில்தான் ஏற்றினாள். ஒவ்வொரு முறையும் அழுதாள். தன் ராசிதான் கெட்டது என்று அந்தோணியாருக்கு நேர்ந்துகொண்டு மொட்டைகூடப் போட்டாள். தம்பியோ, ஊசி போட்ட கையைக் கழுவிவிட்டு, அவள் வீட்டிலேயே களி தின்றுவிட்டுப் போவான்.

1987 கார்த்திகையில் ஒரு காலை செவலை சினைக்குக் கத்தத் தொடங்கியது. தம்பி, பால் சொசைட்டித் தலைவர் பச்சியப்பனின் கொட்டகையில் இருப்பதாகக் கேட்டு வேளாங்கண்ணி அங்கே ஓடினாள். மேல்பாதி தலைவரின் மாட்டுக்குள் போவதைப் பார்த்தாள். கீழ்பாதியைக் கைக்குள் பொத்திக்கொண்டு திரும்பிய இன்னாசிராஜ், யோசிக்காமல், "செவலை கத்துதுன்னு சொன்னாங்க, உன் வூட்டுக்குத்தாங்க்கா கெளம்பிட்டிருந்தேன்" என்றான்.

அவள் அந்தப் பாதிக் குச்சியையே பார்த்தாள். "அஞ்சு ஈத்தும் இதத்தான் போட்டியாடா?"

"மத்தவங்க வூட்ல காளை விழுந்தா சண்டைக்கு வருவாங்கக்கா. நீ வர மாட்டே."

கேள்வி கேட்காத வீடுகள் ஏழெட்டை அவன் பொறுக்கி வைத்திருந்தான். அதில் முதல் வீடு அக்காவுடையது. பாவி, கூடப் பிறந்தவள் என்றுகூடப் பார்க்கவில்லை. ஆனாலும் அவள் சத்தம் போடவில்லை. "கெடேரி குடுன்னு இனிமே உங்கிட்டக் கேக்க எனக்கு வாய் வராது. கையில இருக்கறதப் போட்டுட்டுப் போ" என்றாள். அன்று அவனுக்குக் களி போடவில்லை.

அடுத்த ஆவணியில் ஆறாவது காளை பிறந்தது. மூன்றாம் நாள் காலை அது 'அக்கா' என்றது. ஐந்து வயதில் இன்னாசிராஜுக்கு இருந்த அதே குரல். அதே நேரத்தில் இன்னாசிராஜின் வாயிலிருந்து அந்தச் சொல் போய்விட்டது. அம்மா, அண்ணி, லட்சுமி எல்லாம் வந்தன. அது மட்டும் வரவில்லை. கம்பைநல்லூரிலிருந்துகூட ஆட்கள் பஸ் ஏறி வந்து கன்று பேசுவதைக் கேட்டார்கள். பொங்கலுக்குள் எல்லாருக்கும் பழகிப்போனது. செவலையின் பால் வற்றியது. வேளாங்கண்ணி கல் உடைக்கப் போனாள். லாரிக்காரன் வந்தபோது இந்தக் கன்றை மட்டும் கொடுக்க மாட்டேன் என்றுவிட்டாள்.

தொண்ணூறு பிறப்பதற்கு முன் ஒரு சாயங்காலம் இன்னாசிராஜ் அவள் படலுக்கு வெளியே வந்து நின்றான். வாயைத் திறந்தான், மூடினான், மறுபடி திறந்தான். கண்ணில் தண்ணீர் வந்ததே தவிரச் சொல் வரவில்லை.

"யாருங்க வேணும்?" என்று கேட்டாள் வேளாங்கண்ணி.

உள்ளேயிருந்து, "அக்கா" என்று காளை கூப்பிட்டது.

"வரேன்டா" என்று சொல்லிவிட்டு, அதற்குத் தண்ணீர் காட்டப் போனாள்.