பரிசத் தட்டில் சூலக்காரி

ஜப்பானியர் ஆட்சி நடந்த அந்நாளில், ஜொகூர்பாருவில் உலகப்பன் செட்டியாருடைய வெள்ளி நிறுக்கும் தராசுக்கு வேலை குறைந்து மண்வெட்டிக்கு வேலை மிகுந்திருந்தது. கடையின் பின்புறம் அவர் நட்ட மரவள்ளி செழித்து வளர்ந்ததில் அவருக்குச் சற்றுப் பெருமிதமும் உண்டு. அன்று காலை கிழங்கை அடுப்பிலேற்றிவிட்டு அவர் வாசலுக்கு வந்தபோது, தம்போய்த் தோட்டத்து அங்கம்மாவும் ராசம்மாவும் ஆளுக்கொரு பக்கமாக முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றனர்.

அங்கம்மாவின் மகன் மூர்த்திக்கு ராசம்மாவின் மகளைப் பேசியிருந்தார்கள். வாழைமரம் அச்சிட்ட ஜப்பான் பணத்தாளை வைத்துப் பரிசம் போட எவருக்கும் மனம் வரவில்லை. ஆகவே, அங்கம்மா அடுப்படியில் புதைத்திருந்த பழைய வெள்ளிக்காசைத் தோண்டியெடுத்தாள். அதைக் கண்ட ராசம்மாவுக்கோ ஐயம் பிறந்தது. காசு பொய்யானால் சம்பந்தமும் இல்லை என்று சொல்லிவிட்டாள்.

"செட்டியாரய்யா, நீங்களே பாத்துச் சொல்லுங்க," என்று அங்கம்மா முந்தானை முடிச்சை அவிழ்த்தாள்.

"பளபளன்னு இருந்தா வெள்ளியா? எங்க வீட்டு ஈயச் சட்டியுந்தான் பளபளக்குது," என்றாள் ராசம்மா.

செட்டியார் காசை வெளிச்சத்தில் திருப்பினார். வெள்ளைக்காரர் அடித்த அந்தக் காசின் முகத்தில், கையில் சூலத்துடன் ஒரு பெண் கடலோரத்தில் நின்றாள். சூலத்தின் முனைகள் மழுங்கவில்லை. விளிம்பின் கீற்றுகளும் தேயவில்லை. தம்மிடமிருந்த நல்ல காசொன்றை எதிர்த்தட்டில் வைத்தார். தராசு சமமாக நின்றது. மகிழ்ச்சியோடு அங்கம்மாவின் காசைக் கருங்கல்லின்மேல் போட்டார்.

'தட்' என்றது காசு.

நல்ல வெள்ளி அப்படிப் பேசாது. ஈயத்தைக் கலந்து எடையைச் சரிக்கட்டும் கள்ளக்காசுகளை அவர் கண்டிருக்கிறார். ஆனால் இதைச் சொன்னால் ஒரு கலியாணம் நின்றுபோகும். சொல்லாமல் விட்டாலோ அவர் வாக்குக்கு மதிப்பேது?

"கேட்டீங்களா?" என்றாள் ராசம்மா.

செட்டியார் நகத்தால் காசைச் சுரண்டினார். நகத்தில் ஏதோ மெத்தென்று ஒட்டியது.

"இதுல என்னத்தப் பூசுனே, அங்கம்மா?"

அவள் தலை குனிந்தாள். "தேன்மெழுகுங்க. சாம்பலோட பிசைஞ்சு அடைச்சு, புளி போட்டுத் தேச்சேன். முகமெல்லாம் குத்தும் வடுவுமா கெடந்துச்சு. பரிசத் தட்டுல கிழிஞ்ச வெத்தல வைப்பமா? சொத்தைப் பாக்கு வைப்பமா? ஊனக் காசை மட்டும் எப்படிங்க வைக்கிறது?"

செட்டியார் எழுந்து போய், கொதித்துக்கொண்டிருந்த கிழங்குச் சட்டியில் காசைப் போட்டார். சிறிது நேரத்தில் மெழுகு கண்கண்ணாக மிதந்து மேலே வந்தது. அகப்பையால் காசை எடுத்துத் துடைத்தார். சூலக்காரியைச் சுற்றிலும் சின்னஞ்சிறு சீன எழுத்துகள் ஆழப் பதிந்திருந்தன.

"சீனக் கடைக்காரங்க காசைச் சோதிச்சு, நல்லதுன்னு தெரிஞ்சாத்தான் கடை முத்திரையக் குத்துவாங்க. இத்தனை பேரு சாட்சி சொல்லியிருக்காங்க. நீ அத்தனை பேரு வாயையும் அடைச்சிட்டே."

மீண்டும் கல்லின்மேல் போட்டார். 'ணங்ங்' என்று எழுந்த ஒலி கடை முழுதும் பரவி அடங்கியது.

"நல்ல வெள்ளி. தேய்மானமும் கம்மி," என்றார் செட்டியார் நிறைவோடு.

ராசம்மா காசை வாங்கி ஒவ்வொரு குத்தாகத் தடவிப் பார்த்தாள்.

"ஊனம்னு மட்டும் சொல்லிராதீங்க," என்றாள் அங்கம்மா மெல்ல.

"காதும் மூக்கும் குத்தித்தான் எம்மவள ஒங்க வீட்டுக்கு அனுப்பப் போறேன். அது ஊனமா?" என்ற ராசம்மா, அங்கம்மாவின் முந்தானையிலேயே காசை வைத்துத் தன் கையால் முடிச்சிட்டாள். "வெள்ளிக்கிழமை கொண்டாங்க, சம்பந்தி. மறுபடியும் புளியத் தொட்டுறாதீங்க."

அங்கம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள்.

"ரெண்டு பேரும் சாப்பிட்டுட்டுப் போங்க," என்று உபசரித்தார் செட்டியார்.

ராசம்மா சட்டியை எட்டிப் பார்த்தாள். "மெழுகுக் கிழங்கையா?"

செட்டியாருக்கு அப்போதுதான் தம் சட்டியின் நினைவு வந்தது. வாய்விட்டுச் சிரித்தபடி, வேறு கிழங்கு பிடுங்குவதற்காக மண்வெட்டியை எடுத்தார்.