கேட்டு வரைக்கும் நாற்பது அடி

பொய் சொல்லிப் பழக்கமில்லாதவர்கள் பொய் சொல்லக் கிளம்பினால் எல்லாவற்றையும் யோசிப்பார்கள், ஒன்றில் மட்டும் கோட்டை விடுவார்கள். லூர்தம்மாளும் அப்படித்தான்.

பருத்திப்பட்டில், ஆவடி ஃபேக்டரிச் சங்கு கேட்கிற தூரத்தில், பத்துக் கட்டில் போட்ட ஒரு ஹோம். பக்கவாதம் வந்தவர்களையும் இடுப்பு எலும்பு முறிந்தவர்களையும் நடக்க வைத்து வீட்டுக்கு அனுப்புகிற இடம். லூர்தம்மாள் அங்கே ஆயா. பதினோரு வருஷமாக மலம் மூத்திரம் அள்ளி, தோள் கொடுத்து, திட்டி, கெஞ்சி எத்தனையோ பேரை எழுப்பி நிறுத்தியவள்.

மூன்றாம் ரூமில் கஜபதி. ஃபேக்டரியில் இருபத்தெட்டு வருஷம் வெல்டர், இப்போது இடது கையும் காலும் விளங்கவில்லை. அவர் மனைவி வனஜா ஞாயிறு தவறாமல் குவார்ட்டர்ஸின் மூன்று மாடி இறங்கி, பஸ் பிடித்து, தூக்கில் முட்டைக் குழம்போடு வருவாள். "இன்னும் படுத்துகினுதான் கீறியா? நான் வர்றப்போ கேட்டாண்ட வந்து நிக்கணும், ஆமா" என்று சண்டை பிடிப்பாள். ரூமிலிருந்து கேட்டுக்கு நாற்பது அடி. அவளுக்காகத்தான் மனுஷன் வாக்கரைத் தொட்டதே.

அந்த வனஜா ஒரு திங்கட்கிழமை தண்ணீர்க் குடத்தோடு மாடி ஏறும்போது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு படியில் உட்கார்ந்தாள். அப்புறம் எழுந்திருக்கவே இல்லை.

மறுநாள் சாயங்காலம் மகன் ரகுநாதன் வந்தான். மொட்டைத் தலையோடு அப்பா முன்னால் போய் நிற்க முடியுமா? கேட்டோடு நின்றுவிட்டான். "பிரஷர் இப்படி எகிறிக் கிடக்கும்போது சொன்னால் ஆள் தாங்கமாட்டார். முதலில் நடக்கட்டும்" என்றார் டாக்டர். அதுவரை மறைக்கிற வேலையும் அப்புறம் சொல்கிற வேலையும் லூர்தம்மாள் தலையில் விழுந்தன.

ஞாயிறு வந்தால் அவர் வனஜாவைத் தேடுவார். ஆகவே ஞாயிறு வராமல் பார்த்துக்கொள்ள வேண்டும். மூன்றாம் ரூம் தினசரி காலண்டரில் ஒவ்வொரு தாளையும் இரண்டு நாளைக்குக் கிழிக்காமல் விட்டாள். உடம்பு விழுந்தவருக்கு நாள் கணக்கா தெரியப்போகிறது என்று நினைத்தாள், பாவி. நிஜ ஞாயிறன்று காலண்டரில் வியாழன் இருந்தது. கோயில் புடவை காட்டிக் கொடுத்துவிடுமே என்று அன்றைக்குப் பூசைக்குக்கூடப் போகாமல் பழைய நூல் புடவையில் வந்து நின்றாள். அவள் பூசையை விட்டது அதுதான் முதல் தடவை.

"வனஜா இன்னா செய்யுது?" என்று அவர் கேட்கும்போதெல்லாம் அவளுக்கு ஒரே பதில்தான். "நீங்க முதல்ல கேட்டாண்ட வரிக்கும் நடங்கண்ணே. அப்பால எல்லாம் பேசிக்கலாம்."

ஆனால் அந்த ஞாயிறுக்கு அப்புறம் கஜபதி முப்பதாவது அடியில் நின்றுவிடுவார். அங்கே இருக்கிற தண்ணீர்த் தொட்டி வந்ததும் வாக்கரை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, "முடியலம்மா" என்பார். லூர்தம்மாள் கத்தினாள், கெஞ்சினாள். உள்ளுக்குள் அவளுக்கு நிம்மதியாகவும் இருந்தது, அந்த நிம்மதியை நினைத்து வெட்கமாகவும் இருந்தது.

வெள்ளிக்கிழமை காலை. தாளை இனிமேலும் இழுக்க முடியவில்லை. காலண்டர் ஞாயிறு என்றது.

கஜபதி தாளையே பார்த்தார். பிறகு சவரம் பண்ணிவிடச் சொன்னார், வெள்ளைச் சட்டை கேட்டார். வாக்கரைப் பிடித்து எழுந்தார். இருபது, முப்பது. தொட்டியைத் தாண்டினார். நாற்பதாவது அடியில் கேட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

அப்போது தூரத்தில் ஃபேக்டரிச் சங்கு ஊதியது.

"ஞாயித்துக்கெயமை சங்கு ஊதாதே, லூர்து" என்றார் அவர். "போன வியாயக்கெயமைன்னு நீ சொன்ன நாளு, அன்னிக்கு ஊதல. இருவத்தெட்டு வருசம் அந்தச் சங்கு கேட்டுத்தாம்மா கஞ்சி குடிச்சேன்."

லூர்தம்மாள் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"கேட்டாண்ட போய்ட்டா நீ சொல்லிடுவேன்னுதான் முப்பதுலயே நின்னேன். நடக்காத வரிக்கும் அவ உசுரோட இருப்பா இல்ல?" அவர் ரோட்டுப் பக்கம் திரும்பினார். "எத்தினி நாளாச்சு?"

"பன்னெண்டு நாள்ணே."

"மொகத்தக்கூடப் பாக்க வுடலியே, என்னை."

லூர்தம்மாள் அங்கேயே தரையில் உட்கார்ந்து அழுதாள். கஜபதி அழவில்லை. ரோட்டைப் பார்த்துக்கொண்டே நின்றார்.

"கேட்டத் தொற, லூர்து. அவ எறங்குற பஸ் ஸ்டாப்பு வரிக்கும் போயி நிக்கலாம்."

"அம்மாந்தூரம் முடியாதுண்ணே. கால் வலிக்கும்."

"அவ வாராவாரம் நடந்து வந்தா. நான் ஒரு தபா போறேன்."

அவள் எழுந்து, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, தாழ்ப்பாளை நீக்கினாள்.