நெவில் தலை நிமிராத குளிர்காலம்

இதனால் கிழக்கு யார்க்‌ஷையரின் சைக்கிள் மக்கள் அனைவருக்கும், அவர்தம் மனைவிமார், கணவன்மார், நாய்கள் ஆகியோருக்கும் அறிவிக்கப்படுவது யாதெனில்: எங்கள் சைக்கிள் சங்கத்தின் தலைவர் மாண்புமிகு நெவில் ஆக்ராய்ட் அவர்கள், வயது ஐம்பத்து நான்கு, வருகிற ஏப்ரலில் பத்து மைல் தூரத்தை இருபத்து நான்கு நிமிடங்களுக்குள் கடந்தே தீருவார்.

அறிவித்தவரும் அவரேதான். நவம்பரில் நடந்த ஆண்டு விருந்தில், இறைச்சித் தட்டுகள் போய் இனிப்பு இன்னும் வராத நேரத்தில், கோப்பையைக் கரண்டியால் தட்டிவிட்டு எழுந்தார். இரண்டு நாடுகளுக்கிடையே எல்லை வகுக்கும் உடன்படிக்கையை வாசிப்பவரின் குரல். நாங்கள் பலமாகக் கைதட்டினோம். அவர் உட்கார்ந்தால்தான் இனிப்பு வரும்.

எங்கள் போட்டியில் யாரும் யாரையும் துரத்துவதில்லை. ஒரு நிமிட இடைவெளியில் ஒவ்வொருவராகக் கிளம்பி, தனியாகக் கடிகாரத்தோடு மல்லுக்கட்டிவிட்டு வர வேண்டும். இதில் நெவில் பல வருடங்களாக இருபத்து நான்கரையைச் சுற்றியே வட்டமடித்துக்கொண்டிருந்தார். போதாக்குறைக்கு, செப்டம்பரில் பெர்னிஸ் கிரேவ்ஸ் அவரை நான்கு நொடியில் முந்திவிட்டார். பெர்னிஸ் ஓய்வுபெற்ற பல் மருத்துவர், அறுபத்தொரு வயது. வலிக்கும் இடம் எதுவென்று பார்த்தவுடன் கண்டுபிடித்துவிடுவார்.

ஆனால் அந்த விருந்தில் உண்மையாகவே எதையோ எதிர்பார்த்து உட்கார்ந்திருந்தவர் நெவிலின் மனைவி க்ளெனிஸ். அக்டோபரிலேயே நெவில் கார் கொட்டகையைப் பிடித்துக்கொண்டார். சைக்கிளின் பின்சக்கரத்தைக் கழற்றி, நின்ற இடத்திலேயே மிதிக்கும் கருவியில் பூட்டி, முன்னால் ஆளுயர மின்விசிறி, கீழே வியர்வைக்கு ரப்பர் விரிப்பு. க்ளெனிஸின் கார் வாசலுக்கு வந்தது. மருத்துவமனை வேலைக்கு விடிவதற்கு முன்பே கிளம்புகிறவர் அவர். தினமும் கண்ணாடியில் உறைந்த பனியை, விரல் மரத்துப்போகும்வரை சுரண்டிவிட்டுத்தான் போக வேண்டும். எதிர்வீட்டில் இருக்கும் நான், அந்தக் கரகர ஓசையைக் கேட்டுத்தான் அந்தக் குளிர்காலம் முழுக்க எழுந்தேன்.

எனவே விருந்தில், எல்லோர் முன்னிலையிலும், க்ளெனிஸ் கேட்டார்: "இருபத்து நாலுக்குள்ள வந்துட்டா அந்த மெஷின எடுத்துடுவியா?"

"வந்த அன்னிக்கே எடுத்துடறேன். உன் கார் உள்ள, என் சைக்கிள் வெளிய. இத்தன பேரு சாட்சி, போதுமா?"

அன்றிலிருந்து அந்த வீட்டில் இரண்டு பேர் பயிற்சியில் இறங்கினார்கள்.

க்ளெனிஸ் ஓட்ஸ் கஞ்சி காய்ச்சினார், பீட்ரூட் சாறு பிழிந்தார், ஈரத் துண்டுகளைத் துவைத்துக் காயப்போட்டார். நெவில் மிதித்தார். வெளியில் ஆலங்கட்டி விழுந்தபோதும் மிதித்தார், கிறிஸ்துமஸ் அன்று மாமியார் வந்திருந்தபோதும் மிதித்தார். இருபது நிமிடம் மூச்சுமுட்ட, சிறிது ஓய்வு, மறுபடி இருபது நிமிடம். கைப்பிடியில் பொருத்திய சின்னத் திரை, கால் தரும் சக்தியை வாட் கணக்கில் காட்டிக்கொண்டே இருக்கும். அந்த எண்ணையே பார்த்தபடி, முழங்கைகளை ஒடுக்கி, முதுகைப் பலகை மாதிரி வைத்திருப்பார். பலகைதானா என்று சோதிக்க ஒருநாள் முதுகில் தேநீர்க் கோப்பையை வைக்கச் சொன்னார். கோப்பை நின்றது. அதைப் பார்க்க என்னைச் சாலை தாண்டி வரவழைத்தார்.

ஜனவரியில் அவருக்கு ஒரு ஞானம் பிறந்தது. தலையை நிமிர்த்தினால் காற்று மார்பில் அடிக்கும், ஒவ்வொரு நிமிர்வுக்கும் நேரம் பறிபோகும் என்று எங்கோ படித்திருந்தார். உண்மைதான், நாங்கள் எல்லோரும் படித்திருந்தோம். படித்துவிட்டு நிமிர்ந்து பார்த்தபடிதான் ஓட்டினோம், லாரிகள் இருப்பதால். நெவில் அரைகுறையாக எதையும் செய்கிறவர் அல்ல. தலை நிமிராமல் இருப்பதற்கே தனிப் பயிற்சி வைத்தார். அவர் மிதிக்கும்போது க்ளெனிஸ் கொட்டகைக்கு வந்து அவரைக் கூப்பிட வேண்டும். என்ன சொன்னாலும் அவர் நிமிரக் கூடாது.

முதலில் க்ளெனிஸ் சாப்பாடு ஆறுகிறது என்றார். நெவில் நிமிர்ந்துவிட்டார். இரண்டாம் வாரம் நெவிலின் அம்மா போனில் காத்திருப்பதாகச் சொன்னார். நிமிரவில்லை, அதில் பயிற்சியின் பங்கு எவ்வளவு என்று சொல்ல முடியாது. பிப்ரவரிக்குள் விஷயம் முற்றிவிட்டது. நானே ஒருநாள் கேட்டேன், க்ளெனிஸ் கதவில் சாய்ந்து, துண்டை மடித்துக்கொண்டே, நிதானமாகச் சொன்னார்: "நெவில், சமையலறை பத்திக்கிச்சு. நான் பால்காரனோட கெளம்பறேன். நாயையும் கூட்டிட்டுப் போறேன்."

நெவிலின் தலை அசையவில்லை. உதட்டோரம் ஒரு சின்னச் சிரிப்பு மட்டும் வந்து போனது.

"பாத்தீங்களா, ஒரு மயிரிழைகூட ஆடல" என்றார் க்ளெனிஸ் என்னிடம். அவருக்கும் பெருமைதான். வாட் எண் ஏறிக்கொண்டிருந்தது, காருக்கு இடம் நெருங்கிக்கொண்டிருந்தது.

ஏப்ரல் மாத முதல் ஞாயிறு. மேற்கிலிருந்து காற்று, குப்பைத் தொட்டிகளை உருட்டும் அளவுக்கு. பாதை எளிது: கிழக்கே கடலை நோக்கிப் போகும் பெரிய சாலையில் நான்கு மைல், செடி விற்கும் கடை வந்ததும் இடதுபுறம் திரும்ப வேண்டும், பிறகு கிராமச் சாலைகள் வழியாகக் கிளம்பிய இடத்துக்கே சுற்றி வர வேண்டும். போட்டியாளர் ஒவ்வொருவரும் வீட்டிலிருந்து ஒரு ஆளை வழிகாட்ட நிறுத்துவது எங்கள் வழக்கம். க்ளெனிஸ் அந்தத் திருப்பத்தைக் கேட்டு வாங்கிக்கொண்டார். நேரம் வீணாகும் இடம் அதுதான், நானே நின்று அவரைச் சரியாகத் திருப்பிவிடுகிறேன் என்றார். நானும் மஞ்சள் சட்டை மாட்டிக்கொண்டு கூட நின்றேன். அன்று காலை தன் காரைக் கொட்டகைக் கதவுக்கு நேராகத் திருப்பி நிறுத்திவிட்டுத்தான் அவர் வந்திருந்தார்.

பெர்னிஸ் வந்தார், எங்களைப் பார்த்து நாக்கை நீட்டிவிட்டு அழகாகத் திரும்பிப் போனார். மூன்று நிமிடம் கழித்து நெவில்.

கேலி செய்யும் பழக்கத்தை ஒரு கணம் நிறுத்திவிட்டுச் சொல்கிறேன், அது பார்க்கத் தகுந்த காட்சி. தோளுக்குமேல் எதுவும் இல்லை. முதுகு பலகை. கால்கள் மட்டும் இயந்திரம்போலச் சுழன்றன. க்ளெனிஸ் கடிகாரத்தைப் பார்த்தார்.

"முன்னால இருக்கான். நல்லாவே முன்னால இருக்கான்" என்றார். கொடியை உயர்த்தி, மறு கையை இடதுபுறச் சாலைப் பக்கம் நீட்டிக் கூப்பிட்டார்: "நெவில், லெஃப்ட்ல திரும்பு. நெவில், லெஃப்ட்டு."

தலை அசையவில்லை.

"நெவில், இது நெசமா சொல்றேன்."

எங்களுக்கு ஒரு கை தூரத்தில் அவர் கடந்தபோது முகம் தெரிந்தது. உதட்டோரம் அதே சின்னச் சிரிப்பு. காற்று அவரை அள்ளிக்கொண்டு நேராகக் கடல் பக்கம் போனது.

க்ளெனிஸ் கொடியை மெல்ல இறக்கினார்.

"நான்தான் பழக்கினேன்" என்றார்.

பத்து மைல் முடிந்ததும் கைப்பிடித் திரை பீப் அடித்தது. அப்போதுதான் நெவில் நிமிர்ந்தார். எல்லைக் கோடு இல்லை, நேரம் குறிப்பவர் இல்லை. விடுமுறைக் குடில்கள் இருந்தன, கடற்காகங்கள் இருந்தன. குடில்காரப் பெண்ணிடம் போனைக் கடன் வாங்கி அழைத்தார். நான் வேனில் போய் ஏற்றிவந்தேன். வழியெல்லாம் திரையைக் காட்டிக்கொண்டே வந்தார்: இருபத்து மூன்று நாற்பத்தொன்று.

ஊர் மண்டபத்தில் எல்லோரும் தேநீரும் கேக்குமாக உட்கார்ந்திருந்தார்கள். முடிவுப் பலகையில் அவர் பெயருக்கு எதிரே, முடிக்கவில்லை என்று எழுதியிருந்தது. நெவில் நின்றபடியே ஒரு விளக்கவுரை ஆற்றினார். தூரம் பத்து மைல்தான், நேரமும் இருபத்து நான்குக்குள்தான், திசை மட்டுமே சற்று மாறியது.

பெர்னிஸ் கேக்கை விழுங்கிவிட்டுச் சொன்னார்: "பின்னாடி அந்தக் காத்து இருந்தா என் வீட்டுக் குப்பத் தொட்டிகூட இருபத்தஞ்சுல போய்ச் சேந்திருக்கும், தலைவரே."

சிரிப்பு அடங்கியதும் க்ளெனிஸ் கேட்டார்: "அப்போ மெஷினு?"

நெவில் கோப்பையைக் கீழே வைத்தார். நவம்பர் விருந்தில் கேட்ட அதே குரல் வந்தது. சக்தியில் குறையில்லை என்பது நிரூபணமாகிவிட்டது, இனி கவனிக்க வேண்டியது திருப்பங்களை மட்டுமே.

"இன்னும் ஒரே ஒரு குளிர்காலம்" என்றார். "கொட்டகைலயே உக்காந்து திருப்பத்த முழுசாச் சரி பண்ணிடறேன்."

கார் இன்னும் வெளியேதான் நிற்கிறது.