நெல்லளவு காயம்

நவமணி சட்டையைக் கொஞ்சம் தூக்கிக் காட்டியதும் குழாயடியில் நின்ற பெண்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் குனிந்தார்கள். ஆபரேஷன் காயம் தொப்புளில் ஒன்று, அடிவயிற்றில் இரு பக்கமும் ஒவ்வொன்று. நெல்லளவுக்கு மேல் இல்லை. "இவ்ளோதானா! நம்பவே முடியல லா," என்றாள் சரோஜா. பாஞ்சாலை மட்டும் குனியவில்லை. வாளி நிறைந்து வழிவதுகூடத் தெரியாமல் நின்றாள்.

நவமணி அவளுடைய கொழுந்தன் பெண்டாட்டி. பத்து நாளைக்கு முன்னால் அடிவயிற்றைப் பிடித்துக்கொண்டு அடுப்படியில் சுருண்டு கிடந்தவளை முதலில் பார்த்ததே பாஞ்சாலைதான். தோட்டத்து ஆஸ்பத்திரி டிரஸர் வாயு என்று சொல்லி வெள்ளை மருந்து ஊற்றிக் கொடுத்தார். "வாயு இல்ல. இந்த வலி எனக்குத் தெரியும்," என்று கொழுந்தன் தங்கராஜுவை விரட்டி, கோலா தெர்லாவிலிருந்து முட்டைக்கோஸ் ஏற்றி வந்த லோரியைக் கைகாட்டி நிறுத்தி, இருவரையும் ஈப்போவுக்கு அனுப்பியதும் அவள்தான். சூல்பையில் கட்டி வளர்ந்து முறுக்கிக்கொண்டிருந்ததாம். அங்கே இருந்த லேடி டாக்டர் வயிற்றைக் கிழிக்கவில்லை. சின்னச் சின்னத் துளை போட்டு, விளக்கு வைத்த குழாயை உள்ளே விட்டு, முறுக்கைப் பிரித்துக் கட்டியை மட்டும் எடுத்துவிட்டார். "சாவி ஓட்டைல கண்ண வச்சு வீட்டுக்குள்ள பாக்குற மாதிரியாம் அண்ணி," என்றான் தங்கராஜு. மூன்றாம் நாள் நவமணி தானே நடந்து லயத்துப் படியேறினாள். பிள்ளை பெற ஒரு தடையும் இல்லை என்று டாக்டர் சொல்லி அனுப்பியிருந்தார்.

பாஞ்சாலைக்கும் எழுபத்தைந்தாம் வருஷம் இதே வலிதான் வந்தது. விரட்டுவதற்குத்தான் ஆள் இல்லை. இரண்டு நாள் அதே வெள்ளை மருந்தைக் குடித்துக் கிடந்தாள். மூன்றாம் நாள் மலையிறக்கிக் கொண்டுபோனபோது உள்ளே எல்லாம் சீழ். தொப்புளுக்கு மேலிருந்து கீழ்வரை கிழித்து, கர்ப்பப்பையையும் சேர்த்து எடுத்தார்கள். தையல் பிரிந்து மறுபடி தைத்து, வீடு திரும்ப நாற்பது நாளாயிற்று. அப்போது அவளுக்கு இருபத்திரண்டு வயது. புருஷன் இருளப்பன் அதைப் பற்றி இன்றுவரை ஒரு சொல் சொன்னதில்லை. அவர் திட்டியிருந்தால்கூடத் தேவலாம்.

பிழைக்க வைத்த நாமே வயிறெரிகிறோமே என்று தன்னையே ஏசிக்கொண்டாள். ஆனாலும் பக்கத்து வீட்டிலிருந்து நவமணியின் சிரிப்பு பலகைச் சுவரைத் தாண்டி வரும்போதெல்லாம் நெஞ்சு காந்தியது. அவள் சாக வேண்டும் என்று பாஞ்சாலை ஒருநாளும் நினைத்ததில்லை. கொஞ்சம் கிழித்திருக்கலாம், அவ்வளவுதான். ஒரு சாணாவது.

மறுவாரம் காலைப் பெரட்டில் வேலைக்கு ஆள் பிரிக்கும்போது கங்காணி ஆண்டியப்பன் அவளைக் கூப்பிட்டார். "பாஞ்சால, நவமணிக்கு எம்சி லீவு முடிஞ்சிருச்சு. நாத்து நர்சரில ஒக்கார வைக்கவா, இல்ல மலைக்கு அனுப்பலாமா?"

"அவளுக்கென்ன கங்காணி? ஊசி குத்துன ஓட்டதான. கூடை தூக்குவா."

யோசிப்பதற்குள் வாய் சொல்லிவிட்டது. சொன்ன பிறகு திருத்தவும் அவள் வாயைத் திறக்கவில்லை.

அன்று மேல்மலையில் கொழுந்து வெட்டு. செங்குத்தான இடம், காலை ஊன்றிக்கொண்டுதான் கத்திரியைப் போட முடியும். பத்து மணி இருக்கும், பின்னால் கேட்டுக்கொண்டிருந்த கத்திரிச் சத்தம் நின்றது. பாஞ்சாலை திரும்பிப் பார்த்தாள். தேயிலைச் செடிகளுக்கு மேல் நவமணியின் தலை தெரியவில்லை. தன் கூடையைக் கழற்றி எறிந்துவிட்டு வழுக்கி வழுக்கி ஓடினாள்.

நவமணி முகம் வெளுத்துப்போய்ச் செடிக்கு அடியில் சாய்ந்திருந்தாள். தொப்புள் பக்கம் சட்டையில் ரத்தம் கசிந்திருந்தது. பாஞ்சாலை தன் தலைத்துண்டை அவிழ்த்து மடித்து அந்த இடத்தில் அழுத்தினாள். "கங்காணியக் கூப்புடுங்கடி! லேண்ட்ரோவர் கொண்டாரச் சொல்லுங்க!" என்று அவள் போட்ட சத்தத்தில் மேலே நின்ற சரோஜா ரோட்டைப் பார்த்து ஓடினாள்.

"ஒன்னுமில்லக்கா, தலதான் சுத்துது," என்றாள் நவமணி. "அன்னிக்கும் நீங்கதான் வந்தீங்க. இன்னிக்கும் நீங்கதான்."

"பேசாத."

"நீங்க இல்லன்னா நான் எப்பவோ..."

"ஒன்ன மலைக்கு அனுப்பச் சொன்னது நான்தான்டி," என்றாள் பாஞ்சாலை.

நவமணி அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். கோபமா, புரியவில்லையா என்று பாஞ்சாலையால் கண்டுபிடிக்க முடியவில்லை. அழுத்தியிருந்த கைக்குக் கீழே வயிறு மட்டும் ஏறி இறங்கியது. நவமணி கேட்டாள்:

"ஒங்களுக்கு எவ்ளோ பெருசா வெட்டுனாங்கக்கா?"

பதின்மூன்று வருஷத்தில் யாரும் கேட்டதில்லை. பாஞ்சாலை துண்டை அவள் கையில் பிடிக்கக் கொடுத்துவிட்டு, தன் இரு கைகளையும் தூக்கிக் காற்றில் அளந்தாள். முதலில் ஒரு சாண் வைத்தாள். பிறகு இன்னும் கொஞ்சம் விரித்தாள். கீழே ரோட்டில் வண்டி திரும்பும் சத்தம் கேட்டது. தூறல் விழத் தொடங்கி, கொழுந்துச் சாறு அப்பிய அந்த இரண்டு உள்ளங்கைகளையும் நனைத்தது. அவள் இன்னும் விரித்துக்கொண்டிருந்தாள்.